லூக்கா, தினம் ஒரு அதிகாரம்: இதைப் புத்தகக் கணக்கில் சேர்க்கலாமா?

கேள்வி, நவம்பர் 30

இந்த ஆண்டு 40 புத்தகம் வாசிப்பதாக இலக்கு. 33-இல் நிற்கிறேன். லூக்கா சுவிசேஷத்தில் 24 அதிகாரம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்வரை டிசம்பரில் 24 நாள். தினம் ஒன்று வாசித்து முடித்து, அதை ஒரு புத்தகமாக எழுதிக்கொள்ளலாமா? மீதிக்கு நூறு பக்கத்துக்குள் இருக்கும் புத்தகங்களாகப் பொறுக்கினால் இலக்கு முடிந்துவிடும். இது தப்பா?

டிசம்பர் 1, காலை

தப்பே இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். லூக்காவைச் சின்னப் புத்தகம் என்று யாரும் சொல்ல முடியாது. அதிகாரக் கணக்கில் மத்தேயு பெரிது, 28. ஆனால் சொற்களை எண்ணினால் புதிய ஏற்பாட்டிலேயே நீளமான புத்தகம் லூக்காதான். 1,151 வசனம்.

நானும் இன்றே தொடங்குகிறேன். என் இலக்கும் 40, முடித்தது 34. பதினோரு வருடமாக நோட்டில் கணக்கு வைக்கிறேன், இரண்டு ஆண்டு தவிர எல்லா ஆண்டும் இலக்கைத் தொட்டிருக்கிறேன்.

டிசம்பர் 1, இரவு

முதல் அதிகாரம் 80 வசனம். முடித்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னதும், "எனக்கும் யாராவது வாசிச்சா நல்லா இருக்கும்" என்றார். அம்மாவுக்கு 81 வயது. விழித்திரை தேய்ந்து நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே பார்ப்பது தெரியாது. பெரிய எழுத்து வேதாகமம், பூதக்கண்ணாடி எல்லாம் இரண்டு வருடம் உதவின. இப்போது அதுவும் இல்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீ வேலையப் பாரு. தம்பிக்குப் போன் போடு, அவன் வாசிக்கட்டும்" என்றார்.

டிசம்பர் 3

முந்தைய குறிப்பை அப்படியே நிறுத்தியதற்குக் காரணம், அதற்கு மேல் எழுத முடியவில்லை.

தம்பி எட்டு வருடமாக ஆலயத்துக்குப் போவதில்லை. நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டான். சண்டை போட்டுச் சொல்லவில்லை, ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னான், அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. அம்மா என்னோடு இருக்கிறார். தினமும் ஜெபம் பண்ணுகிறவள் நான். அம்மா பக்கத்து அறையில் இருக்கும் என்னை விட்டுவிட்டு, வேறு ஊரில் இருக்கும், வேதத்தை நம்பாத அவனைத் தொலைபேசியில் வாசிக்கச் சொல்கிறார்.

அவனும் மறுக்கவில்லை. இரவு எட்டரைக்கு அழைக்கிறான், அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத் தலையணை மேல் வைத்துக்கொள்கிறார். மூன்று இரவில் ஒரே அதிகாரம்தான் முடிந்திருக்கிறது. முதல் இரவு யோவானின் தகப்பன் சகரியா ஊமையாகி, எலிசபெத்து கர்ப்பமாவது வரை. இரண்டாம் இரவு மரியாளின் பாட்டு, அவள் வீடு திரும்புவது. இன்று யோவான் பிறப்பு. சகரியா எழுத்துப்பலகையைக் கேட்டு வாங்கி "இவன் பேர் யோவான்" என்று எழுதும் இடத்தில் என் மகள், "அத்தனை மாசம் ஒரு அப்பா பேசாமலே இருந்தாரா!" என்று கேட்டு அவள் அப்பாவைப் பார்த்தாள். அம்மா சிரித்ததை வெகுநாள் கழித்துக் கேட்டேன்.

டிசம்பர் 4

இன்று அவர்கள் இரண்டாம் அதிகாரம், இருபதாம் வசனம் வரை. நான் சமையலறையில் நின்று கேட்டேன். நிறைமாதப் பெண்ணை வாசலில் நிறுத்தி, இடமில்லை என்று கதவை மூடிய அந்தச் சத்திரக்காரனை நினைத்தால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம் வரும். இன்றும் வந்தது.

டிசம்பர் 5

ஒரு வருடத்தில் முழு வேதாகமமும் வாசிக்கும் திட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கணக்கு இதுதான். 66 புத்தகம், 1,189 அதிகாரம். 365-ஆல் வகுத்தால் நாளுக்கு மூன்றேகால். சாதாரண நாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வைத்தால் சரியாக வந்துவிடும். புதிய ஏற்பாடு மட்டும் போதும் என்றால் 260 அதிகாரம், அதாவது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று, 52 வாரம். 1842-இல் ராபர்ட் மரே மெக்செய்ன் என்ற போதகர் தன் சபைக்காகப் போட்ட அட்டவணை ஒன்று இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. நாளுக்கு நான்கு இடத்திலிருந்து வாசிக்க வேண்டும். ஒரு வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு முறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு முறையும் முடியும்.

ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்கினால் அதன் ஐம்பதும் யாத்திராகமத்தின் நாற்பதும் தொண்ணூறு அதிகாரம் கடந்து, அந்த மாதக் கடைசியில் லேவியராகமத்தில் நிற்பீர்கள். நான் இரண்டு முறை அங்கேதான் விட்டேன். மூன்றாம் முறை முழுதும் முடித்தேன். அந்த வருடம் வாசித்ததில் எது மனதில் இருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன். முடித்த தேதி நினைவிருக்கிறது, டிசம்பர் 29. யோபுவில் இருந்து ஒரு வரி சொல்லச் சொன்னால் தெரியாது. இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

டிசம்பர் 5, பிறகு

அன்னாளைப் பற்றி எழுத மறந்தேன். ஆலயத்தில் குழந்தையைப் பார்க்கும் அந்த வயதான விதவைக்கு ஏறக்குறைய எண்பத்துநாலு வயது என்று தம்பி வாசித்தான். அம்மா "எனக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு" என்றார். போனில் அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அடுத்த வசனம் வாசித்தான்.

டிசம்பர் 7

வம்ச வரலாறு. மத்தேயு ஆபிரகாமில் தொடங்கிக் கீழே வருவார். லூக்கா இயேசுவில் தொடங்கி மேலே ஏறி ஆதாம் வரை, தேவன் வரை போகிறார். எழுபத்தேழு பெயர். நான் என் பங்குக்கு 3-ஆம் தேதியே அந்தப் பக்கத்தைக் கண்ணால் தடவிவிட்டு நகர்ந்தேன், உண்மையைச் சொல்கிறேன். தம்பி "இதை விட்டுடவாம்மா?" என்று கேட்டான். "ஏன் விடணும், எல்லாம் மனுஷங்க தானே" என்றார் அம்மா. எழுபத்தேழையும் வாசித்தான். சில பெயரில் தடுக்கி, திரும்ப வாசித்தான்.

டிசம்பர் 9

கேட்டே விட்டேன். ஏன் என்னை வாசிக்கச் சொல்லவில்லை என்று.

அம்மா யோசிக்கவே இல்லை. "நீ முடிக்கிறதுக்காக வாசிக்கிற. அவன் நான் கேக்குறேனான்னு பாத்து வாசிக்கிறான்."

போன வருடம் நான் அம்மாவுக்கு ஒலிவேதம் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரம் கேட்டுவிட்டு அணைத்துவிட்டார். அன்று காரணம் கேட்டதற்கு "அது நிக்க மாட்டேங்குது" என்றார். கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்து, நிறுத்தும் பொத்தானைக் காட்டிக் கொடுத்தேன். இன்றுதான் அந்தப் பதில் புரிகிறது.

டிசம்பர் 11

ஒரு சமாதானம் தேடினேன், கிடைத்தது, ஆனால் அது எனக்குச் சாதகமாக இல்லை. "அவர்கள் ஒழுங்காக அதிகாரம் அதிகாரமாக வாசிக்கவில்லை" என்று மனதுக்குள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அதிகாரம் என்பதே லூக்கா எழுதியது இல்லை. இன்று நாம் பயன்படுத்தும் அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது, இங்கிலாந்துப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் செய்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். வசன எண்கள் இன்னும் பிந்தியவை. புதிய ஏற்பாட்டுக்கு 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் போட்டார். முதலில் இதைக் கேட்டவர்களுக்கு எண்ணுவதற்கு எதுவுமே இல்லை. ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். கதை முடிகிற இடத்தில் நிறுத்துகிற தம்பிதான் பழைய வழக்கத்துக்குக் கிட்டே இருக்கிறான்.

டிசம்பர் 12

ஒரு வரிதான். சின்னப் புத்தகம் ஒன்று முடித்தேன், 35. மகிழ்ச்சி வரவில்லை.

டிசம்பர் 15

என் அட்டவணைப்படி இன்று பதினைந்தாம் அதிகாரம். சொத்தை அழித்த இளைய மகன் வீடு திரும்புகிறான், மூத்தவன் கோபித்துக்கொண்டு வெளியே நிற்கிறான். இதைப் படித்தவுடன் நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும். நானும் அதைத்தான் நினைத்தேன், ஒரு மணி நேரம் அழுதேன்.

பிறகு யோசித்தால், பொருந்தவில்லை. தம்பி எதையும் அழித்துவிட்டுப் போனவன் இல்லை. அம்மாவின் கண் மருத்துவச் செலவில் பாதி அவனுடையது. நான் கேட்காமலே அனுப்புகிறான். அவனை இளைய மகனாகப் பார்க்கப் பார்க்க, அவன் என்றைக்கோ தலை குனிந்து திரும்பி வருவான், நான் மன்னிப்பேன் என்று ஒரு காட்சி எனக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எட்டு வருடமாக நான் செய்த ஜெபத்தில் அந்தக் காட்சி இருந்தது. அதை எடுத்துவிட்டு அவனுக்காக எப்படி ஜெபிப்பது என்று இன்று இரவு தெரியவில்லை. அவன் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

டிசம்பர் 17

குடிலில் மாடும் கழுதையும் வேதத்தில் எங்கே இருக்கின்றன என்ற கேள்விக்கு: மத்தேயுவிலும் இல்லை, லூக்காவிலும் இல்லை. பிறப்பைச் சொல்வது இந்த இரண்டு சுவிசேஷம் மட்டும்தான். மாற்கு யோவான் ஸ்நானனில் தொடங்குகிறார், யோவான் "ஆதியிலே வார்த்தை"யில் தொடங்குகிறார். மாடும் கழுதையும் ஏசாயா முதல் அதிகாரம் மூன்றாம் வசனத்திலிருந்து வந்தவை என்று சொல்வார்கள். மாடு தன் எஜமானை அறியும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையை அறியும் என்று வரும். நம் மொழிபெயர்ப்பில் அங்கேயும் முன்னணை, குழந்தையைக் கிடத்திய இடமும் முன்னணை. வேறு எங்கும் நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதே இல்லை. கிறிஸ்துமஸ் இல்லை என்றால் எனக்கு அது தெரிந்தே இருக்காது. 1223-இல் அசிசியின் பிரான்சிஸ் கிரெச்சோ என்ற ஊரில் பிறப்புக் காட்சியை அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தினார். சாஸ்திரிகள் மூன்று பேர் என்பதும் வேதத்தில் இல்லை. காணிக்கை மூன்று, அவ்வளவுதான்.

டிசம்பர் 19

இன்று மார்த்தாள், மரியாள். ஒருத்தி வேலையில் ஓடுகிறாள், மற்றவள் இயேசுவின் காலடியில் உட்கார்ந்து கேட்கிறாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். குழாயை மூடிவிட்டு அம்மாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். ஐந்தே வசனம். தம்பி "அக்கா இருக்கியா அங்க?" என்று கேட்டான். சத்தம் நின்றது அவனுக்குக் கேட்டிருக்கிறது. இருக்கிறேன் என்றேன்.

வாசித்து முடித்ததும் கேட்டேன், நம்பிக்கை இல்லாமல் எப்படி வாசிக்கிறாய் என்று. "அம்மா கேட்டாங்க, வாசிக்கிறேன் அக்கா. இதுல என்ன இருக்கு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாவும் எழுதியிருக்கார்" என்றான்.

டிசம்பர் 22

4-ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். சத்திரக்காரன் என்று ஒருவனே இல்லை.

"எந்த வசனத்தில் அந்த ஆள் கதவை மூடுறான்?" என்று மகள் கேட்டாள். தேடினேன். சத்திரத்திலே இடமில்லாதிருந்தது என்று மட்டும்தான் இருக்கிறது. ஆள் இல்லை, கதவு இல்லை, பேச்சு இல்லை. நாற்பது வருடமாக நான் கோபப்பட்ட மனிதன் நானாகச் சேர்த்துக்கொண்டவன்.

இன்னொன்று. இன்று எனக்கு 22-ஆம் அதிகாரம், கடைசிப் பந்திக்கு அறை கேட்கும் இடம். விளக்கவுரையைப் புரட்டினால், அந்த அறைக்கு லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் கட்டாலுமா. இரண்டாம் அதிகாரத்தில் நாம் சத்திரம் என்று வாசிப்பதும் அதே சொல். பத்தாம் அதிகாரத்தில் நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சத்திரத்துக்கு வேறு சொல், பாந்தொகெயோன். பணம் கொடுத்துத் தங்கும் இடம் அது. தமிழில் இரண்டுக்கும் சத்திரம் என்றே போட்டுவிட்டதால் நமக்கு வித்தியாசம் தெரிவதில்லை. கட்டாலுமா என்றால் தங்கும் இடம், விருந்தினர் அறை என்றும் சொல்லலாம். அப்படியானால் அது உறவுக்காரர் வீடாகவும் இருக்கலாம், வந்தவர்களால் நிரம்பிப்போன வீடு. யோசேப்பு தன் முன்னோரின் ஊருக்குத்தானே போகிறார். அறிஞர்கள் இதில் ஒத்துப்போவதில்லை, நான் தீர்ப்புச் சொல்லப் போவதும் இல்லை.

இதைப் படித்ததும் எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸுக்குத் தம்பி வருகிறேன் என்றபோது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீட்டில் இடம் போதாது என்று சொன்னது நான். இடம் இருந்தது. ஆராதனைக்கு வராமல் அவன் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். அன்றிலிருந்து வந்தால் விடுதியில்தான் தங்குகிறான். ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சற்றுமுன் அழைத்து, அறையை ஒழித்துவிட்டேன், விடுதியை ரத்து செய்துவிடு என்றேன். "சரி அக்கா" என்றான்.

டிசம்பர் 24, மாலை

என் கணக்கில் லூக்கா முடிந்தது, 24 நாளில் 24 அதிகாரம். நோட்டில் எழுதிவிட்டேன், 36.

அம்மாவுக்கு இன்று பதினைந்தாம் அதிகாரம்தான். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு என்பதால் பிறப்பை வாசிக்கலாமே என்றேன். "எங்க நிக்கிறோமோ அங்கேருந்து வாசி" என்றார் அம்மா. இந்த முறை போன் இல்லை. தம்பி கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தான், பிள்ளைகள் தரையில். தகப்பன் வெளியே வந்து மூத்த மகனை வருந்தி அழைக்கிறார், பேசுகிறார், அத்தோடு அதிகாரம் முடிகிறது.

"உள்ள போனானா?" என்றார் அம்மா.

"எழுதலைம்மா."

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. எனக்காகக் கேட்டதாகவும் தெரியவில்லை. அவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

டிசம்பர் 25, அதிகாலை

நள்ளிரவு ஆராதனைக்கு நாங்கள் போனோம். அம்மாவால் இரவில் வெளியே வர முடியாது, தம்பி துணைக்கு இருந்தான். எட்டு வருடத்தில் முதல்முறையாக, அவன் வராதது எனக்கு ஆலயத்தில் உறுத்தவில்லை.

திரும்பி வந்தபோது அம்மா அறையில் விளக்கு எரிந்தது. அம்மா இரண்டாம் அதிகாரத்தை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி புத்தகத்தில் விரலை வைத்து வரிவரியாகத் தொடர்ந்துகொண்டிருந்தான். ஒரு இடத்தில் "ஒரு சொல் விட்டுட்டீங்க" என்றான். அம்மா திரும்பச் சொன்னார். நான் கதவருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

டிசம்பர் 27

நேற்று சாப்பிட உட்கார்ந்தபோது தம்பி தேதியைக் கிளப்பினான், இயேசு டிசம்பர் 25-இல் பிறந்தார் என்று எங்கே இருக்கிறது என்று. எங்கும் இல்லை, ஒத்துக்கொண்டேன். ரோமில் 354-இல் தொகுத்த ஒரு நாள்காட்டியில் அந்தத் தேதி இருக்கிறது, அதன் பட்டியல் 336-ஐச் சேர்ந்தது என்று கணிக்கிறார்கள். பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றும் கிழக்குச் சபைகளுக்கு இப்போது பதின்மூன்று நாள் தள்ளி, ஜனவரி 7-இல் வருகிறது. போன வருடம் என்றால் இந்தப் பேச்சு சண்டையில் முடிந்திருக்கும். நேற்று அவன் அடுத்த கேள்விக்குப் போனான், நானும் போனேன்.

டிசம்பர் 31

40 வரவில்லை. 36-ஓடு நிற்கிறது. கேள்வி கேட்டவருக்கு நான் முதல் நாள் சொன்ன பதில் அரைகுறை. லூக்காவைக் கணக்கில் எழுதுவது தப்பில்லை, இப்போதும் அதையே சொல்கிறேன். ஆனால் நூறு பக்கத்துக்குள் இருக்கிறது என்பதற்காக ஒரு புத்தகத்தை எடுக்காதீர்கள். 35-ஆவதாக எழுதிய அந்தப் புத்தகம் நல்ல புத்தகமாகக்கூட இருக்கலாம். எனக்குத் தெரியாது, நான் அதை வாசிக்கும்போது பக்கத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அதை அடித்துவிட்டேன். 35.

ஜனவரி 6

அம்மாவுக்கு இன்று லூக்கா முடிந்தது. ஏழெட்டு மைல் தள்ளியிருக்கும் எம்மாவு கிராமத்துக்குப் போகிற இரண்டு பேரோடு, உயிர்த்தெழுந்த இயேசு சேர்ந்து நடக்கிறார், வேதத்தை விளக்குகிறார், அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும்போதுதான் தெரிகிறது. தம்பி ஊருக்குத் திரும்பிவிட்டதால் மறுபடியும் போனில். கிறிஸ்துமஸ் நாள் ஒன்று மட்டும் வாசிக்கவில்லை, 36 இரவு.

"அடுத்தது ஆதியாகமம்" என்றார் அம்மா.

பழக்கத்தில் கணக்குப் போட்டேன். 24 அதிகாரத்துக்கு 36 இரவு என்றால் அதிகாரத்துக்கு ஒன்றரை. 1,189 அதிகாரத்துக்கு 1,784 இரவு. ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அம்மாவுக்கு 86 ஆகும். தம்பியிடம் தனியாகச் சொன்னேன். "ஆகட்டும்" என்றான்.

ஜனவரி 7

தம்பிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, பேச வரவில்லை. அம்மா என்னைக் கூப்பிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். முதல் வசனம் வாசித்துவிட்டு அம்மாவைப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார், விரல் மட்டும் போர்வை மேல் அசைந்தது. அடுத்ததை வாசித்தேன். வெளிச்சம் உண்டாயிற்று. சாயங்காலமும் விடியற்காலமும் ஆகி முதலாம் நாள் ஆயிற்று. ஐந்தாம் வசனம். அம்மா ஏதோ சொல்ல வந்தார். புத்தகத்தை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.